மெக்கின்லியா டெனாலியா சண்டையில் யாரும் கேட்காத மொழி: டெனாய்னா மக்கள் யார்?

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அன்றே, அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று வட அமெரிக்காவின் மிக உயரமான மலையின் பெயரை மாற்றியது. அலாஸ்காவில் 6,190 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்த மலைக்கு 2015இல் ஒபாமா அரசு ‘டெனாலி’ என்ற பெயரை அளித்திருந்தது. புதிய ஆணை அதை மீண்டும் ‘மெக்கின்லி மலை’ ஆக்கியது. ‘பழங்குடிகளின் பெயர் பறிக்கப்பட்டது’ என்று ஒரு தரப்பு, ‘முன்னாள் அதிபருக்கு மரியாதை திரும்பியது’ என்று இன்னொரு தரப்பு. செய்தி வழக்கம்போல இரண்டு நாள் ஓடியது.

அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை ஒரு கேள்வியைத் தொடவே இல்லை. எந்தப் பழங்குடி? மலையைச் சுற்றி ஒரே மக்கள் வாழவில்லை. ‘டெனாலி’ என்ற சொல் கோயுகோன் மொழியிலிருந்து வந்தது. அம்மொழி மலைக்கு வடக்கிலும் மேற்கிலும் பேசப்படுவது. மலையின் தெற்குச் சரிவில் தொடங்கிக் கடல் வரைக்கும் இருக்கும் நிலம் வேறொரு மக்களுடையது. அலாஸ்காவின் மிகப் பெரிய நகரமான ஆங்கரேஜ் நிற்பதும் அவர்கள் நிலத்தில்தான். அவர்கள் டெனாய்னாக்கள். அவர்கள் மொழியில் அந்த மலைக்கு ‘டகெலாய் காஆ’ என்று பெயர். பெரிய மலை என்று பொருள். ஆங்கரேஜிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் சுசிட்னா மலைக்கு ‘டகெலிஷ்லா’, அதாவது சின்ன மலை என்று பெயர். (சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லப்படும் ‘தூங்கும் பெண்மணி’ கதை இந்தச் சின்ன மலையைப் பற்றியதுதான். அது டெனாய்னாக்களின் கதை இல்லை, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.)

பெயர்களில் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். டெனாலி, டெனாய்னா, டனானா, அட்னா எல்லாம் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். டெனாலி ஒரு மலையின் பெயர், உயரம் என்ற பொருளில் பிறந்தது. டெனாய்னா ஒரு மக்களின் பெயர், ‘மனிதர்கள்’ என்று பொருள். இரண்டுக்கும் வேர் வேறு. அட்னா என்பவர்கள் டெனாய்னாக்களின் கிழக்கு அண்டை வீட்டார். டனானா இன்னும் வடக்கே ஓடும் ஆறும், அதன் கரைகளில் பேசப்படும் மொழிகளும். பழைய மானுடவியல் நூல்களில் டெனாய்னாக்களை ‘டனைனா’ என்று எழுதியிருப்பார்கள். டனானாவோடு குழப்பிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். 1867 வரை அலாஸ்காவைக் கையில் வைத்திருந்த ரஷ்யர்கள், கீனாய் தீபகற்பத்தில் இருந்தவர்களைக் ‘கீனாய்ட்சி’ என்றார்கள். அங்குள்ள பழங்குடி அரசு இன்றும் அந்தப் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது.

உப்புத் தண்ணீருக்கு வந்த அத்தபாஸ்கர்கள்

அத்தபாஸ்கன் என்பது ஒரு பெரிய மொழிக்குடும்பம். அலாஸ்காவின் உள்நாட்டிலும் வடமேற்குக் கனடாவிலும் பரவிக் கிடக்கிறது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் பேசப்படும் நவஹோ, அப்பாச்சி மொழிகளும் இதே குடும்பம்தான். இடையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இருந்தாலும் வினைச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உறவு தெரிந்துவிடும். சைபீரியாவின் யெனிசெய் ஆற்றங்கரையில் பேசப்படும் கெட் மொழியும் இவற்றுக்குத் தூரத்து உறவு என்று எட்வர்ட் வைடா என்ற மொழியியலாளர் 2008இல் விரிவான சான்றுகளை முன்வைத்தார். சிலர் ஏற்றார்கள், சிலர் இன்னும் ஏற்கவில்லை.

அலாஸ்காவின் அத்தபாஸ்கன் மக்கள் எல்லாரும் காட்டையும் ஆற்றையும் நம்பி வாழ்ந்தவர்கள். டெனாய்னாக்கள் மட்டும் கடற்கரையைப் பிடித்தார்கள். குக் இன்லெட் என்று வரைபடத்தில் இருக்கும் நீண்ட கடற்கழியைச் சுற்றிலும், மேற்கே மலைகளைத் தாண்டி லேக் கிளார்க், இலியாம்னா ஏரிகள் வரைக்கும் அவர்கள் நிலம். டையோனெக், எக்லூட்னா, நான்டால்டன், பெட்ரோ பே, லைம் வில்லேஜ் ஆகியவை இன்றைக்கும் அவர்கள் ஊர்கள்.

கடலுக்கு வந்த உள்நாட்டு மக்கள் என்ன செய்வார்கள்? அண்டையில் இருந்த அலூட்டிக் மக்களிடமிருந்து தோல் படகைக் கற்றுக்கொண்டார்கள். அது போதாதென்று சொந்தமாகவும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். குக் இன்லெட்டில் ஓதம் ஒன்பது மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். வடியும்போது கிலோமீட்டர் கணக்கில் சேற்றுப்பரப்பு வெளியே தெரியும். டையோனெக் பக்கத்து ஆட்கள் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தை வேரோடு பிடுங்கி, வேர்ப்பகுதி மேலே இருக்கும்படி தலைகீழாக அந்தச் சேற்றில் நட்டுவிடுவார்கள். வேட்டைக்காரர் வேர்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொள்வார். ஓதம் ஏறும்போது சால்மன் மீன்களைத் துரத்திக்கொண்டு வெள்ளைத் திமிங்கலங்கள் மரத்துக்கு அடியில் வரும். மேலேயிருந்து ஈட்டி பாயும். இதற்கு ‘யுய்குல்’ என்று பெயர். அந்தத் திமிங்கலங்கள் 2008 முதல் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இருக்கின்றன. குக் இன்லெட்டில் இப்போது சில நூறு மட்டுமே மிச்சம்.

ஆனாலும் வாழ்க்கையின் நடு அச்சு சால்மன்தான். கோடையில் பிடித்து, பிளந்து, உலர்த்தி, புகையிட்டு, குழி தோண்டிச் சேமித்து வைப்பார்கள். அந்தச் சேமிப்பை நிர்வகித்துப் பங்கிட்டவர்தான் தலைவர். அவரை ‘கெஷ்கா’ என்பார்கள். பணக்காரர் என்பதும் தலைவர் என்பதும் அவர்களுக்கு ஒரே சொல். கொடுக்கத் தெரியாதவரால் அந்த இடத்தில் நீடிக்க முடியாது.

மொழி எப்படி வேலை செய்கிறது

டெனாய்னாவில் நான்கு வட்டார வழக்குகள் உண்டு: மேல் கழி, வெளிக் கழி (கீனாய் பக்கம்), இலியாம்னா, உள்நாடு. ஏரிக்கு ஆங்கரேஜ் பக்கத்து மேல் கழி வழக்கில் ‘பென்’, உள்நாட்டு வழக்கில் ‘வென்’. இந்தப் ப–வ வேறுபாடு கடைசியில் ஒரு நடைமுறைச் சிக்கலாக வந்து நிற்கும். இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மொழியின் உள்ளே பார்க்க வேண்டியவை மூன்று.

1. ஒலி. உயிரொலிகள் நான்கே நான்கு. மெய்யொலிகள் ஏராளம். தொண்டையை அடைத்து வெடிக்கும் ஒலிகள், நாக்கின் பக்கவாட்டில் காற்று சீறும் ‘ல’ வகைகள் என்று நம் எழுத்துகளுக்குள் அடங்காதவை நிறைய. இந்தக் கட்டுரையில் தமிழில் எழுதியிருக்கும் டெனாய்னாச் சொற்கள் எல்லாம் தோராயமானவைதான்.

2. வினை. தமிழில் வேரை முன்னால் வைத்து, காலம், எண், இடம் எல்லாவற்றையும் பின்னால் ஒட்டுகிறோம். டெனாய்னாவில் நேர் எதிர். வினையடி கடைசியில் நிற்கும். யார் செய்தார், யாருக்குச் செய்தார், எந்தத் திசையில், ஒரே தடவையா திரும்பத் திரும்பவா என்பதெல்லாம் அதற்கு முன்னால் வரிசையாக ஒட்டிக்கொண்டு வரும். அந்த வரிசையும் மாறாது. ஒரு முழு வாக்கியத்தின் சரக்கு ஒரே வினைச்சொல்லுக்குள் போய்விடும்.

அதைவிடச் சுவாரசியம், கையாளும் வினைகள். ‘அதை எடுத்துக் கொடு’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கொடுக்கப்படுவது உருண்டையான பொருளா, நீளமான குச்சியா, துணிபோல் மடங்குவதா, உயிருள்ளதா, பாத்திரத்துக்குள் இருப்பதா என்பதைப் பொறுத்து வினையடியே மாறும். கோப்பையில் ஊற்றிய தேநீரைக் கொடுப்பதற்கு ஒரு வினையடி, மூட்டையில் இருக்கும் தேயிலையைக் கொடுப்பதற்கு இன்னொன்று. பொருளின் பெயரைச் சொல்லாமலே, எந்த மாதிரிப் பொருளைக் கேட்கிறோம் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அகராதியை மனப்பாடம் செய்து இந்த மொழியைக் கற்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

3. திசை. வடக்கு, தெற்குக்கு இங்கே வேலை இல்லை. ஆறுதான் திசைகாட்டி. ஆற்றின் மேற்போக்கு, கீழ்ப்போக்கு, கரையிலிருந்து மேட்டுப்பக்கம், தண்ணீர்ப்பக்கம், அக்கரை என்பவையே அடிப்படைத் திசைகள். இவற்றோடு அருகில், தொலைவில், அங்கிருந்து, அங்கே நோக்கி என்ற ஒட்டுகள் சேரும். ஆகவே ஓர் இடத்துக்கு வழி சொல்ல வேண்டுமானால் ஆறு எப்படி ஓடுகிறது என்று சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நகரத்து வகுப்பறையில் இதைச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு சிரமம் என்று ஊகிக்கலாம்.

ரஷ்யாவிலிருந்து வந்த சொற்களும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தேநீர், சர்க்கரை போன்ற கடைச் சரக்குகளோடு தேவாலயச் சொற்களும் அந்த வழியில் உள்ளே வந்தவை.

ஒருவர் தலைக்குள் இருந்த வரைபடம்

ஷெம் பீட் என்று ஒரு பெரியவர் இருந்தார். சுமார் 1896இல் சுசிட்னா ஆற்றுப் பக்கம் பிறந்தவர். அவர் ஊர் 1918 இன்ஃப்ளூயன்சாவில் பெரும் அடி வாங்கி, அப்புறம் மெல்ல மெல்லக் காலியானது. ஜேம்ஸ் காரி என்ற மொழியியலாளரும் ஜேம்ஸ் ஃபால் என்ற மானுடவியலாளரும் ஆண்டுக்கணக்கில் அவரோடு உட்கார்ந்து இடப்பெயர்களைப் பதிவு செய்தார்கள். சிறு வயதிலிருந்து நடந்தும் படகிலும் போன வழிகளை, ஒவ்வொரு ஓடை, ஒவ்வொரு மேடு என்று வரிசையாக அவரால் சொல்ல முடிந்தது. மற்ற பெரியவர்கள் சொன்னதையும் சேர்த்து 1987இல் அவர் பெயரிலேயே நூல் வந்தது. ஷெம் பீட் 1989இல் இறந்தார். 2003இல் வந்த விரிவான பதிப்பில் சுமார் 1,000 இடப்பெயர்கள் இருக்கின்றன.

அந்தப் பெயர்களில் ஒரு குணம் பளிச்சென்று தெரியும். ஆட்களின் பெயரில் இடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அங்கே என்ன கிடைக்கும், என்ன நடக்கும், எப்படித் தெரியும் என்பதுதான் பெயர். ஆங்கரேஜின் நடுவே ஓடும் ஷிப் கிரீக் அவர்களுக்கு ‘டகெயாய்ட்னு’, முள்மீன் வகை ஒன்று கிடைக்கும் ஓடை. செஸ்டர் கிரீக் ‘சான்ஷ்ட்னு’, புல் ஓடை. டையோனெக் ஊரின் பெயர் கடற்கரை நிலம். லேக் கிளார்க் ‘கிஷ்ஜே வேனா’, மக்கள் கூடும் ஏரி. கழியின் மேற்குக் கரையில் நிற்கும் ஸ்பர் எரிமலையின் பெயருக்கு, உள்ளே எரிந்துகொண்டிருப்பது என்று பொருள். 1953இலும் 1992இலும் அது வெடித்துச் சாம்பலை ஆங்கரேஜ் நகரத்தின் மேல் கொட்டியது. அதிர்ச்சி அடைந்தவர்கள் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள்.

இந்தப் பக்கத்தில் ஐரோப்பியர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். 1891இல் பயணக்குழு ஒன்றில் வந்த கிளார்க் என்ற வணிகரின் பெயர் ஏரிக்கு. 1778இல் கப்பலில் வந்த ஜேம்ஸ் குக்கின் பெயர் கழிக்கு. வடமேற்குக் கடல்வழியைத் தேடி வந்த குக் இதை ஒரு பெரிய ஆறு என்றே எண்ணினார். ஆள் அனுப்பி ஒரு முனையில் கொடி நட்டு, புட்டி ஒன்றைப் புதைத்து, நிலத்தை பிரிட்டிஷ் மன்னருக்கு உரிமையாக்கிவிட்டுப் போனார். உள்ளூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த முனைக்கு இன்றைக்கும் வரைபடத்தில் ‘பொசெஷன் முனை’, அதாவது உரிமையாக்கிய முனை என்றுதான் பெயர். மெக்கின்லி கதை இன்னும் மோசம். 1896இல் வில்லியம் டிக்கி என்ற தங்க வேட்டைக்காரர், அப்போது தேர்தல் வேட்பாளராக இருந்த ஒஹையோக்காரர் ஒருவரின் பெயரை வைத்தார். வில்லியம் மெக்கின்லி அலாஸ்காவில் கால் வைத்ததே இல்லை. 1975இல் அலாஸ்கா மாநிலமே டெனாலி என்று மாற்றக் கேட்டது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்த ஒஹையோ உறுப்பினர் ஒருவர் பல பத்தாண்டுகள் அதை நகர விடாமல் பார்த்துக்கொண்டார். 2025 ஆணைக்குப் பிறகும் அலாஸ்கா சட்டமன்றம் டெனாலி என்ற பெயரே வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தேசியப் பூங்காவின் பெயர் 1980 முதல் டெனாலிதான், அது மாறவில்லை. ஒரே இடத்தில் பூங்காவுக்கு ஒரு பெயர், மலைக்கு இன்னொரு பெயர் என்ற இன்றைய நிலை இப்படி வந்ததுதான்.

பேசுவோர் எப்படிக் குறைந்தார்கள்

மைக்கேல் கிராஸ் என்ற மொழியியலாளரின் 2007 மதிப்பீட்டில் டெனாய்னாக்கள் சுமார் 900 பேர், மொழியைப் பேசுவோர் சுமார் 75. இன்று தாய்மொழியாகப் பேசுவோர் விரல் விட்டு எண்ணக்கூடிய முதியவர்களே. ‘காலம் மாறியது, மொழி அழிந்தது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. ஒவ்வொரு அடிக்கும் தேதி இருக்கிறது.

1. ரஷ்யர்கள், 1780கள் முதல். கடல் நீர்நாயின் தோலுக்காக வந்தார்கள். 1791இல் கீனாயில் கோட்டை கட்டினார்கள். டெனாய்னாக்கள் சும்மா இருக்கவில்லை, 1797இல் கீனாயில் பெரிய சண்டை நடந்தது. நிறைய உயிர்கள் போயின. ஆனால் மொழியை ரஷ்யர்கள் பெரிதாகத் தொடவில்லை. அவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவம் வந்தது, உள்ளூர்ப் பழக்கங்களோடு கலந்தது. எக்லூட்னா கல்லறைகளில் வண்ணம் பூசிய சிறு மரவீடுகள் அந்தக் கலப்பின் அடையாளமாக நிற்கின்றன.

2. பெரியம்மை, 1836 முதல் 1840 வரை. ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தார்கள். ஊர்கள் காலியாயின. ஆனாலும் மிஞ்சியவர்கள் தங்கள் மொழியைத்தான் பேசினார்கள்.

3. 1867 விற்பனையும் சால்மன் ஆலைகளும். ரஷ்யா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றது. அங்கிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1882இல் கசிலாஃப் ஆற்று முகத்தில் முதல் சால்மன் டப்பா ஆலை வந்தது. ஆற்று வாயில் பொறி வைத்து மீனை மொத்தமாக அள்ளினார்கள். மேற்போக்கில் இருந்த ஊர்களுக்கு மீன் வரத்து சுருங்கியது. கூலி வேலைக்காக ஆட்கள் இடம்பெயர்ந்தார்கள்.

4. பள்ளிக்கூடம். என் கணக்கில் மொழிக்கு விழுந்த மரண அடி இதுதான். 1885இல் அலாஸ்காவின் கல்விப் பொறுப்புக்கு ஷெல்டன் ஜாக்சன் என்ற பாதிரியார் நியமிக்கப்பட்டார். ஆங்கிலம் மட்டும் என்பது கொள்கை. 1924இல் எக்லூட்னாவில் உறைவிடப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. சொந்த மொழியில் பேசிய பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் தண்டனை கிடைத்தது. அந்தப் பிள்ளைகள் பெற்றோர் ஆனபோது, தாங்கள் பட்டது தங்கள் குழந்தைகளும் படக்கூடாது என்று வீட்டிலும் ஆங்கிலம் பேசினார்கள். நோயில் பாதிப்பேர் போன பிறகும் தாங்கிய மொழி, இந்த ஒரு தலைமுறை இடைவெளியைத் தாங்கவில்லை.

5. நகரம். 1915இல் ரயில்பாதை கட்டும் கூடாரங்களாக ஷிப் கிரீக் முகத்தில் ஆங்கரேஜ் பிறந்தது. அதே கோடையில் மனைகள் ஏலம் விடப்பட்டன. அது டெனாய்னாக்களின் மீன்பிடி முகாம் இருந்த இடம். 1957இல் கீனாய் தீபகற்பத்தில் எண்ணெய், 1959இல் மாநில அந்தஸ்து. இன்று ஆங்கரேஜில் ஏறக்குறைய 2.9 லட்சம் பேர். சொந்த நிலத்தில் டெனாய்னாக்கள் மிகச் சிறிய சிறுபான்மை.

பழங்குடி அரசு வேறு, பழங்குடிக் கம்பெனி வேறு

அலாஸ்கா செய்திகளைப் படிக்கும்போது வெளியாட்கள் வழுக்கி விழும் இடம் இது. அமெரிக்காவின் மற்ற பகுதிகளில் பழங்குடிகளுக்கு ஒதுக்கீட்டு நிலம் உண்டு. அலாஸ்காவில், ஒரே ஒரு விதிவிலக்கு தவிர, அந்த முறை இல்லை.

எண்ணெய்க் குழாய் போட நில உரிமைச் சிக்கல் தடையாக நின்றதால் 1971இல் காங்கிரஸ் ஒரு தீர்வுச் சட்டம் இயற்றியது. பழங்குடிகளின் பரம்பரை நில உரிமையும் வேட்டை, மீன்பிடி உரிமையும் அதோடு முடிந்துபோயின. பதிலுக்கு 4.4 கோடி ஏக்கர் நிலமும் 96.25 கோடி டாலரும். இவை பழங்குடி அரசுகளுக்குப் போகவில்லை. புதிதாகப் பதிவு செய்யப்பட்ட கம்பெனிகளுக்குப் போயின. மக்கள் அவற்றின் பங்குதாரர்கள் ஆனார்கள்.

இதனால் மொழிக்கு என்ன ஆனது?

1. கம்பெனி எல்லைகள் மொழி எல்லைகளோடு பொருந்தவில்லை. ஆங்கரேஜையும் கீனாயையும் சுற்றி ஒரு வட்டாரக் கம்பெனி. நான்டால்டனும் பெட்ரோ பேயும் பிரிஸ்டல் பே கம்பெனியில். லைம் வில்லேஜ் மூன்றாவதில். சுமார் 900 பேர் கொண்ட ஒரு மக்களுக்கு மூன்று பங்குப் பட்டியல்கள். ஆங்கரேஜ் கம்பெனியின் பங்குதாரர்களிலோ, நகரத்துக்குக் குடிவந்த யூப்பிக், இன்யூப்பியாக் போன்ற வேறு பழங்குடி மக்களும் நிறைய.

2. மொழி, குழந்தைகள், நீதிமன்றம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பழங்குடி அரசின் கையில் நிலம் இல்லை. நிலம் வைத்திருக்கும் கம்பெனிக்கு மொழியைக் காப்பது சட்டக் கடமை இல்லை. சில கம்பெனிகள் நன்கொடையும் உதவித்தொகையும் தருகின்றன, அது வேறு விஷயம்.

3. மீன் பிடிக்கும் உரிமை போனதும், அந்த வேலையோடு சேர்ந்து புழங்கிய சொற்களும் போகும். கீனாய்ப் பழங்குடி அரசு போராடி, ‘கல்வி மீன்பிடி’ என்ற பெயரில் கழியில் வலை போடும் அனுமதியை வாங்கியது. சட்டப்படி அது பாடம் நடத்துவது. உண்மையில் குடும்பங்கள் கூடி மீன் அறுக்கும் இடம்.

ஆனால் கம்பெனி என்றாலே நிலத்தை விற்றுத் தின்பவர்கள் என்றும் எண்ண வேண்டாம். இலியாம்னா ஏரிக்கு அருகே திட்டமிடப்பட்ட பெப்பிள் தாமிர–தங்கச் சுரங்கத்துக்கான சாலை பெட்ரோ பே கம்பெனியின் நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. 2022இல் அந்தச் சிறு கம்பெனி நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேலான நிலத்தின் மேம்பாட்டு உரிமையை ஒரு பாதுகாப்பு அமைப்புக்கு விற்று, சாலையை அடைத்துவிட்டது. அடுத்த மாதமே மத்தியச் சுற்றுச்சூழல் முகமை சுரங்கத்துக்குத் தடை போட்டது.

‘ஆட்சிமொழி’ என்றால் என்ன கிடைக்கும்?

1998இல் அலாஸ்கா வாக்காளர்கள் ஆங்கிலம் மட்டுமே ஆட்சிமொழி என்று வாக்களித்தார்கள். அந்தச் சட்டத்தின் சில பகுதிகளை மாநில உச்ச நீதிமன்றம் 2007இல் ரத்து செய்தது. 2014இல் மாநிலம் 20 பழங்குடி மொழிகளை ஆங்கிலத்தோடு சேர்த்து ஆட்சிமொழிகள் ஆக்கியது. டெனாய்னாவும் அதில் உண்டு. செய்தியைப் படித்த நம் ஆட்கள் பலர் ‘அடடா, அரசு ஆவணங்கள் எல்லாம் அந்த மொழியில் வரும்போல’ என்று எண்ணியிருக்கலாம். வராது. அரசு எந்த ஆவணத்தையும் அந்த மொழிகளில் வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 20இல் ஏயாக் என்ற மொழியும் இருக்கிறது. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் மேரி ஸ்மித் ஜோன்ஸ் 2008 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். பேச யாருமில்லாத மொழிக்கு ஆறு ஆண்டு கழித்து ஆட்சிமொழி அந்தஸ்து. 2018இல் அலாஸ்கா ஆளுநர் பழங்குடி மொழிகளுக்கு ‘அவசரநிலை’ என்றும் ஓர் ஆணை பிறப்பித்தார். அறிவிப்புகள் கூடக்கூடப் பேசுவோர் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். 2008இல் ஆங்கரேஜில் திறந்த மாநாட்டு மையத்துக்கு டெனாய்னா மையம் என்று பெயர். அதே நகரத்தில் டெனாய்னா மொழியில் ஒரு சமையலறைப் பேச்சைக் கேட்பது அரிது.

அறிவிப்புகள் வீண் என்று சொல்ல வரவில்லை. 1972இல் மாநிலச் சட்டம் ஒன்றின் மூலம் ஃபேர்பாங்க்ஸ் பல்கலைக்கழகத்தில் அலாஸ்கா பழங்குடி மொழி மையம் தொடங்கப்பட்டது. அதற்குச் சம்பளமும் ஆளும் ஒதுக்கினார்கள். டெனாய்னாவில் இன்று இருக்கும் எழுத்துமுறை, அகராதி, ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் அந்த ஒரு முடிவின் விளைவு. பணமும் பணியிடமும் இருந்தால் மொழிச் சட்டம் வேலை செய்யும் என்பதற்கு அதுவே சான்று.

கையில் மிஞ்சியிருப்பது

பீட்டர் கலிஃபோர்ன்ஸ்கி (1911–1993) கீனாய்ப் பக்கத்து வெளிக் கழி வழக்கின் கடைசிப் பேச்சாளர்களில் ஒருவர். அவருடைய மூதாதையர் ஒருவர் ரஷ்யக் கம்பெனி வேலையாகக் கலிஃபோர்னியாவின் ராஸ் கோட்டைக்குப் போய்த் திரும்பியவர், குடும்பப் பெயர் அதனால் வந்தது. கலிஃபோர்ன்ஸ்கி அறுபது வயதைத் தாண்டிய பிறகு, 1970களில், ஜேம்ஸ் காரியிடமிருந்து தன் மொழியை எழுதும் முறையைக் கற்றார். அதற்கப்புறம் கதைகள், பாடல்கள், இலக்கணக் குறிப்புகள் என்று சாகும்வரை எழுதினார். அவருடைய தொகுப்பு 1991இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு அமெரிக்கப் புத்தக விருது பெற்றது. வெளியாட்கள் பதிவு செய்தவற்றிலிருந்து அவர் எழுத்து வேறுபடுகிறது. எதை எழுத வேண்டும் என்று அவரே தீர்மானித்தார்.

அந்த எழுத்துதான் இன்று கீனாயில் பாடநூல். இங்கேதான் நடைமுறைச் சிக்கல் வருகிறது. கீனாயில் கற்பவர்கள் கலிஃபோர்ன்ஸ்கியின் வழக்கைக் கற்க விரும்புகிறார்கள், அது அவர்கள் பாட்டன் மொழி. ஆனால் அதைப் பேசித் திருத்த உயிரோடு ஆள் இல்லை. உயிரோடிருக்கும் பேச்சாளர்கள் பெரும்பாலும் நான்டால்டன், லைம் வில்லேஜ் பக்கத்து உள்நாட்டு வழக்கினர். ஆங்கரேஜுக்கு உரியதோ மேல் கழி வழக்கு. எல்லோருக்கும் பொதுவாக ஒரு வழக்கைத் தேர்ந்தால் ஆசிரியர்களைத் திரட்டுவது எளிது, பாடங்களைப் பகிரலாம், ஒருவருக்கொருவர் பேசிப் பழகலாம். ஒவ்வொரு ஊரும் தன் வழக்கையே பிடித்துக்கொண்டால், பத்துப் பேர் கொண்ட வகுப்புகள் மூன்று நான்கு இடங்களில் தனித்தனியே நடக்கும்.

என் பார்வையில் பொது வழக்குதான் புத்திசாலித்தனம். ஆனால் இடப்பெயர்களில் அது நடக்காது என்பதும் தெரிகிறது. இடப்பெயர் அந்த ஊர்க்காரர் சொன்னபடிதான் பதிவாகியிருக்கிறது. எக்லூட்னா ஏரியின் பெயர் ‘பேனா’ என்றே முடியும், லேக் கிளார்க்கின் பெயர் ‘வேனா’ என்றே முடியும். வகுப்பில் ஒன்றைக் கற்றுக்கொண்ட பிள்ளை, ஊரைத் தாண்டிப் போகும்போது பலகையில் இன்னொன்றைப் படித்தாக வேண்டும்.